ஆசிரியர் இல்லாத அச்சுக்கூடம்

அண்மையில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தினர் என்னைத் தேடி வந்திருந்தார்கள். தமிழ்மொழித் தின விழாவில் ஒரு பட்டிமன்றம் நடத்துகிறார்களாம். அதற்கு நான் நடுவராக இருக்க வேண்டுமாம். தலைப்பு என்னவென்று கேட்டேன். 'கைத்தொலைபேசி மனித குலத்துக்கு வரமா, சாபமா?' என்றார்கள். வேறு தலைப்பாக இருந்தால் வருகிறேன், இதற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப் போனார்கள். அன்று அவர்களுக்குச் சொல்லாத காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பட்டிமன்றத்தை நான் இருபது வருடங்களாகக் கேட்டு வருகிறேன். வரம் என்று வாதிடுபவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தைத் தாய் பார்ப்பதைச் சொல்வார். சாபம் என்பவர் படிப்பைக் கெடுத்துக்கொண்ட மாணவனின் கதையைச் சொல்வார். இறுதியில் நடுவர் எழுந்து, கத்தி வைத்தியரின் கையிலும் இருக்கிறது, கொலைகாரனின் கையிலும் இருக்கிறது, எல்லாம் பயன்படுத்துபவரைப் பொறுத்தது என்று தீர்ப்பளிப்பார். சபை கைதட்டும். எல்லோரும் வடையும் தேநீரும் அருந்திவிட்டு, கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே வீடு போய்ச் சேருவார்கள்.

இந்தக் கத்தி உவமையைத்தான் நான் எதிர்க்கிறேன். அது சோம்பேறித்தனமான உவமை. குற்றவாளிகளுக்கு வசதியான உவமையும்கூட. கத்தியைச் செய்த கொல்லன் அதை விற்ற பின்னர் தன் பட்டறைக்குத் திரும்பிவிடுகிறான். அந்தக் கத்தியால் இன்று எதை வெட்டலாம் என்று தினமும் காலையில் வந்து நம் காதில் ஓதுவதில்லை. நம் சட்டைப் பையிலிருக்கும் கருவிக்குள் செயலிகளை ஓடவிட்டிருக்கும் நிறுவனங்களோ அந்தப் பையைவிட்டு இறங்குவதே இல்லை. கண் விழித்ததும் நாம் எதை முதலில் பார்க்க வேண்டும், எந்தக் காணொளி ஆயிரம் பேருக்குப் போக வேண்டும், எது பத்துப் பேருடன் அடங்க வேண்டும் என்பதையெல்லாம் அவைதான் தீர்மானிக்கின்றன. பத்திரிகைத் தொழிலில் இந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு. அதை ஆசிரியர் பணி என்போம். அந்தப் பணியைச் செய்துகொண்டே, அதன் பொறுப்பை மட்டும் ஏற்க மறுப்பவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

ஒரு மேசையும் மூன்று கேள்விகளும்

2007 ஜனவரி 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். 2008இல் அண்ட்ரொய்ட் இயங்குதளத்துடன் முதல் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. 2009இல் வட்ஸ்அப் பிறந்தது. அதே ஆண்டில், பிறர் எழுதியதை ஒரே தொடுகையில் தன்னைத் தொடர்பவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடும் பொத்தானை ரிவிட்டர் கொண்டுவந்தது. அந்தப் பொத்தானை உருவாக்கிய பொறியியலாளர் பத்து வருடங்களின் பின்னர் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆக, மூன்றே ஆண்டுகளில் படப்பிடிப்புக் கருவியும் அச்சு இயந்திரமும் விநியோக வண்டியும் ஒன்றாகி மனிதனின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டன. நம் நாட்டில் அந்த மூன்று ஆண்டுகள் எத்தகையவை என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் பத்திரிகைக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது வடக்கில் பொருளாதாரத் தடை. அச்சுத்தாள் இல்லாமல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பாடசாலைப் பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சாகிய காலம். பிரதேச நிருபர் ஒருவர் செய்தி சொல்ல வேண்டுமானால் தொலைபேசி உள்ள இடம் தேடிப் பல மைல் சைக்கிள் மிதிப்பார். வரி வரியாக அவர் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்வோம். எழுதியது அத்துடன் அச்சுக்குப் போய்விடாது. அது செய்தி ஆசிரியரின் மேசையைத் தாண்டியாக வேண்டும். எங்கள் செய்தி ஆசிரியர் கடுகடுப்பான மனிதர். தாளை வாங்கியதும் மூன்று கேள்விகள் கேட்பார். யார் சொன்னது? இன்னொருவர் உறுதி செய்தாரா? எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் தாள் திரும்பி என் மடியில் விழும். "வழக்கு வந்தால் நீ போவாயா, நான் போகவா?" என்று ஒரு வார்த்தையும் கூடவே வரும்.

செய்தியின் கீழ் ஒரு மனிதனின் பெயர் இருந்தது என்பதுதான் இதில் முக்கியமானது. பெயர் இருந்தபடியால் விலையும் இருந்தது. பி.பி.சி.யின் தமிழ், சிங்கள சேவைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு வேளையில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராக்கி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் உரிமையாளர் யார் என்பது நண்பர்களுக்கும் தெரியும், கொலையாளிகளுக்கும் தெரியும். இன்று 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறியுடன் வந்து விழும் செய்தியின் உரிமையாளர் யார்? அதை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார்? பொய்யென்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஒருவரும் அறியார்.

பழைய காலத்தைப் புகழ்ந்து பாடுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் மேசைகளும் தவறியிருக்கின்றன. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி நகரெங்கும் பரவித் தமிழர்கள் பலர் மீண்டும் கொல்லப்பட்டபோது எவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கவில்லை. அப்போது நான் பாடசாலை மாணவன். வதந்திக்கு வாய் ஒன்றே போதும் என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டேன். 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது நாட்டின் பெரிய ஊடகங்களில் பெரும்பாலானவை வாயடைத்து நின்றன. என்ன நடக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் கைத்தொலைபேசி வைத்திருந்த சாதாரண மனிதர்கள். அன்று நாங்களும் அடக்கியே வாசித்தோம். அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

தந்தவை

கொடுத்ததைக் கணக்கில் எழுதாமல் கடனைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கண்களும் கைகளும் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி அது. கைத்தொலைபேசியில் பதிவானது. அது போலி என்றது அப்போதைய அரசாங்கம். 2010 ஜனவரியில், ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், நிபுணர்களின் ஆய்வு அது உண்மையானது என்றே காட்டுவதாக அறிவித்தார். செய்தியாளர் எவரும் அனுமதிக்கப்படாத ஒரு களத்திலிருந்து, சட்டைப் பைக் கருவி ஒன்று சாட்சியத்தைச் சுமந்து வந்தது. அந்தக் கருவி இல்லையென்றால் அந்தச் சாட்சியமும் இல்லை.

தமிழுக்கும் அது ஒரு கொடை தந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரையை நண்பருக்கு அனுப்ப, அந்த எழுத்துரு இல்லாத அவரது கணினியில் அது பொருளற்ற குறிகளின் குவியலாக விரிந்த நாட்களைப் பழைய வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு; ஒன்றின் தமிழை மற்றொன்று வாசிக்காது. யுனிகோட் முறை அந்தச் சிறைகளை உடைத்தது. கைத்தொலைபேசி அந்த உடைப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியானது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய என் தாயார், எழுபது வயதுக்கு மேல், ரொறன்ரோவில் இருக்கும் பேரனுக்குத் தமிழில் எழுதத் தொடங்கினார். அவருடைய எழுத்துப் பிழைகளை நான் திருத்தியதில்லை. அவர் வாழ்நாளில் எழுதிய கடிதங்களைவிட அந்த நான்கு வருடங்களில் எழுதிய குறுஞ்செய்திகள் அதிகம்.

2022இல் இந்நாட்டு மக்கள் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடவைத்ததில் கைத்தொலைபேசிக்குப் பங்கு உண்டு. யாரும் மறுக்க முடியாது. ஆகவே இந்தக் கருவியைக் கடலில் எறியுங்கள் என்று சொல்பவன் நானல்லன். என் வழக்கு வேறு.

மொழி தெரியாத ஆசிரியர்

2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகம். சாப்பிட வந்த ஒருவரின் இறைச்சிக் கறியில் ஏதோ ஒரு கட்டி இருந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரையைக் கறியில் கலந்துவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கடைக்காரர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரிவரத் தெரியாதவர். மருந்து போட்டாயா என்று அதட்டிக் கேட்டபோது, என்ன கேட்கிறார்கள் என்பதே விளங்காமல் 'ஆம்' என்ற பொருள்பட ஏதோ சொல்லியிருக்கிறார். ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார். அந்தச் சில விநாடிகள் முகநூலில் ஏறின. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் அறிவித்தது. மனிதனை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகிலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த அறிவிப்பைப் பகிர்ந்தவர் எத்தனை பேர்?

அதே நாட்களில், கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். அம்பாறைக் காணொளியைப் பார்த்துக் கொதித்திருந்த மனங்களுக்கு அந்த மரணம் எண்ணெயாகியது. திகனயிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் மாண்டார்.

இந்த நெருப்புக்குரிய விறகு ஒரே நாளில் சேர்ந்ததன்று. முகநூலில் பரவும் இனவெறுப்பைப் பற்றிக் கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வு வெளியிட்டு எச்சரித்திருந்தது. கொல்லச் சொல்லும் பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, அவை தமது விதிகளை மீறவில்லை என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. காரணம் எளிது. சிங்களத்தை வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேவையான அளவுக்கு அந்நிறுவனம் அமர்த்தியிருக்கவில்லை. இந்நாட்டில் தொலைபேசி நிறுவனங்கள் முகநூலுக்கென்றே மலிவான இணையப் பொதிகளை விற்றன. பலருக்கு இணையம் என்றாலே முகநூல்தான். சந்தையை விரிப்பதற்கு மொழி தடையாக இருக்கவில்லை. சந்தையில் தீப்பிடித்தபோதுதான் மொழி தெரியாமல் போனது. 2020 மே மாதத்தில், தம் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. மொழி தெரிந்தவர்களை அமர்த்தியிருப்பதாகவும் சொன்னது. நல்லது. ஆனால் இறந்தவர் இரண்டு வருடங்களுக்கு முன்னரே அடக்கம் செய்யப்பட்டுவிட்டார்.

ஒரு வார்த்தை எழுதப்பட்ட மொழியே தெரியாமல் அதை முன்பக்கத்தில் போடும் ஆசிரியரை எந்தப் பத்திரிகை வைத்திருக்கும்? எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்குனராகக்கூட அவரைச் சேர்த்திருக்கமாட்டார்கள். ஆனால் எது அதிக மறுமொழிகளையும் பகிர்வுகளையும் பெறுகிறதோ அதை மேலே தூக்கும்படி எழுதப்பட்ட கணினிச் செய்நிரலுக்கு மொழி தேவையில்லை. கோபத்துக்கு மறுமொழி அதிகம் என்பது மட்டும் அதற்குத் தெரியும். 2021இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹோகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் ஒரு கணக்கு இருந்தது. பொய்த் தகவலை இனங்காண்பதற்கான உழைப்பில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு. எஞ்சிய உலகம் முழுவதற்கும் 13 சதவீதம். அந்தக் கணக்கு முழுப் படத்தையும் காட்டவில்லை என்று நிறுவனம் மறுமொழி சொன்னது. முழுப் படத்தை நாங்கள் திகனயில் பார்த்துவிட்டோம்.

நிறுவனங்களால் எதுவும் செய்ய முடியாது என்ற வாதமும் எடுபடாது. பகிர்வதற்கான எல்லையை வட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் ஐந்தாகக் குறைத்தது. 2019இல் உலகெங்கும் அதைக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. அத்தகைய செய்திகள் 70 சதவீதத்தால் குறைந்ததாக அதுவே அறிவித்தது. ஆக, கடிவாளம் தொடக்கத்திலிருந்தே அவர்கள் கையில் இருந்தது. அதை இழுத்துப் பிடிப்பதற்கு இத்தனை பிணங்கள் தேவைப்பட்டன. அந்தப் பாடமும் நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில், முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா, தகவல் சரிபார்ப்பு அமைப்புகளுடன் அமெரிக்காவில் வைத்திருந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. தன் வீட்டிலேயே காவலாளியை நிறுத்துபவர் நம் படலையில் காவல் நிற்பார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அரசின் கையில் இருந்த ஆளி

நிறுவனம் தூங்கியது; அரசு விழித்தெழுந்தது. எழுந்ததும் செய்தது ஒன்றே ஒன்று. ஆளியை அணைத்தது. 2018 மார்ச் 7இல் முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன தடைசெய்யப்பட்டன; 15ஆம் திகதிதான் தடை முழுமையாக நீங்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் மீண்டும் தடை. அவ்வாண்டு மே மாதம் சிலாபத்தில் இன்னொரு விபரீதம். அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்று பொருள்படும் ஒரு வரியை முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதப்போக, அது மிரட்டல் என்று பொருள்கொள்ளப்பட்டது. அடுத்த நாள் மினுவாங்கொட வரை எரிந்தது. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். மீண்டும் ஆளி அணைந்தது. 2022 ஏப்ரல் 3இல் ஆளியை அணைத்த காரணம் வன்முறைகூட அல்ல. மக்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கூடப்போகிறார்கள் என்ற அச்சம். அன்று மாலைக்குள் தடை நீங்கிவிட்டது. கூட்டம் நிற்கவில்லை.

ஆளியை அணைப்பதால் வதந்தி மட்டும் நிற்பதில்லை, மறுப்பும் நிற்கிறது. இதை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன். கீழே சொல்கிறேன்.

பிறகு சட்டம் வந்தது. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு ஒன்றின் கையில் வைத்தது. நிறுவனத்துக்கு மொழி தெரியவில்லை என்று மேலே குற்றம் சாட்டினேன். அரசுக்கு மட்டும் தெரிந்திருந்ததா? தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் வரிகளும் இருந்த தொகுப்பைத் தீவிரவாத நூல் என்றார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023இல் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஒரு கவிதைத் தொகுப்பைச் சரியாக வாசிக்க மூன்றரை வருடங்கள் எடுத்த அரசு, நிமிடத்துக்கு ஆயிரமாக வரும் குறுஞ்செய்திகளில் மெய் எது பொய் எது என்று தீர்ப்புச் சொல்லப்போகிறதாம்.

என் வீட்டுக் கணக்கு

நிறுவனத்தையும் அரசையும் திட்டுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். இனிச் சொல்லப்போவதற்குக் கைதட்டல் கிடைக்காது.

2018 மே மாதத்தில், தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தினர் வழியில் காரை நிறுத்தி, அங்கு நின்ற சிறுவர்களுக்கு இனிப்புக் கொடுத்தார்கள். பிள்ளைபிடிகாரர் வந்திருக்கிறார்கள் என்று வட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தி ஊர்ச் சனங்களின் தலையில் ஏறியிருந்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். எழுதியவர்கள் தமிழர், பகிர்ந்தவர்கள் தமிழர், அடித்தவர்கள் தமிழர், இறந்தவரும் தமிழர். இங்கே மொழி தெரியாத ஆசிரியர்மீது மட்டும் பழியைப் போட முடியாது.

இப்போது என் கதை. 2019 ஏப்ரல் 21. காலையில் குண்டுகள் வெடித்தன. நண்பகலளவில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: கொழும்பின் குடிநீரில் நஞ்சு கலந்திருக்கிறார்கள், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். அனுப்பியவர் நான் மதிக்கும் ஒரு வைத்தியர். அன்று ஆசிரியபீடத்தில் இறந்தோரின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலிருந்து திரும்பிய நிருபர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் அந்தச் செய்தியை எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். நாற்பது பேர். கொழும்பில், யாழ்ப்பாணத்தில், இலண்டனில், ரொறன்ரோவில். மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. பத்திரிகையில் அந்த வரியைப் போட வேண்டுமென்றால் நீர் வழங்கல் சபையிடம் கேட்காமல் போட்டிருப்பேனா? மாட்டேன். ஆனால் அது பத்திரிகை அல்லவே, குடும்பம்தானே என்று நினைத்தேன்.

மாலைக்குள் சமூக ஊடகத் தடை வந்தது. இரவு எட்டு மணியளவில் அது பொய் என்பது உறுதியானது. மறுப்பை எழுதி அனுப்பினேன், போகவில்லை. ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்த என் சின்னம்மாவின் தொலைபேசி மட்டும் கிடைக்கவில்லை. ஊரடங்கு வேறு. மறுநாள் காலையில் அயலவர் கதவைத் தட்டியபோது மயங்கிக் கிடந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய். ஏப்ரல் மாதக் கொழும்பு வெயிலில் ஒரு பகலும் இரவும் ஒரு மிடறு நீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். வைத்தியசாலையில் இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். நான் போய்க் கட்டிலருகே நின்றபோது, "நீ அனுப்பினதெண்டபடியால்தான் தம்பி நம்பினனான்" என்றார்.

கால் நூற்றாண்டுக்கு மேல் நான் சம்பாதித்த நம்பிக்கையை ஒரு பொய் இரவல் வாங்கிக்கொண்டு என் சின்னம்மாவின் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. வதந்தி பிறரிடமிருந்து வந்தால் நாம் ஐயுறுகிறோம். நம்மவர் பெயரைச் சுமந்து வரும்போது வாசலில் யாரும் அதை நிறுத்துவதில்லை. ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு சிதறிப்போன எங்கள் இனத்துக்கு இந்தக் குழுக்கள்தாம் இன்று முற்றம், திண்ணை, மரணச் செய்தி சொல்லும் வாசல். அதனால்தான் அங்கே விழும் பொய் அதிக தூரம் போகிறது. உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்தும் பதாதைகளை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

ஆகவே

என் கோரிக்கைகள் நான்கு. இங்கே வியாபாரம் செய்யும் சமூக ஊடக நிறுவனங்கள், தமிழையும் சிங்களத்தையும் வாசிக்கத் தெரிந்த எத்தனை பேரை இந்த வேலைக்கு வைத்திருக்கின்றன, ஒரு முறைப்பாட்டுக்கு எத்தனை மணித்தியாலத்தில் பதில் தருகின்றன என்பதை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். சட்டம் போட வேண்டுமென்றால் அரசு இதற்குப் போடட்டும். அரசு ஆளியிலிருந்து கையை எடுக்க வேண்டும். நெருக்கடியில் மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லப் பழக வேண்டும். பத்திரிகை முதலாளிகள், சொடுக்குகளின் எண்ணிக்கைக்காகத் தலைப்பில் பொய்யும் உள்ளே மறுப்பும் எழுதும் அசிங்கத்தை நிறுத்த வேண்டும். அந்த மேசையை நாமே விறகாக்கிவிட்டு முகநூலில் ஆசிரியர் இல்லை என்று அழுவதில் பொருளில்லை.

நான்காவது கோரிக்கை வாசகர்களாகிய உங்களிடம். எங்கள் செய்தி ஆசிரியர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய மேசையும் இன்று இல்லை. ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கு மேசை தேவையில்லை. அடுத்த முறை விரல் அந்த அம்புக்குறியைத் தொடப்போகும்போது, யார் சொன்னது, இன்னொருவர் உறுதி செய்தாரா, குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், இதற்கு நான் பொறுப்பு என்று கீழே உங்கள் பெயரை எழுதி அனுப்புங்கள். எத்தனை செய்திகள் மிஞ்சும் என்று பார்ப்போம்.

பழைய மாணவர் சங்கத்தினருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தலைப்பை மாற்றினால் வருகிறேன். 'கடைசியாக நீ பகிர்ந்த செய்தி உண்மையா?' என்று வைக்கட்டும். இரு அணிகள் தேவையில்லை. மேடையில் ஏறுகின்ற ஒவ்வொருவரும் தம் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினால் போதும். முதலில் என்னுடையதைத் திறக்கிறேன்.